டிரெய்லர் வாலில் மூன்று சைக்கிள்

டிராவல் டிரெய்லரின் பின்பக்கம் குறுக்காக ஒரு சதுரக் குழாய் இருக்கும். நாலு அங்குல அகலம், நாலு அங்குல உயரம், இரண்டு முனையிலும் ரப்பர் மூடி. எல்லோரும் அதைப் பம்பர் என்கிறோம். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் அதன் உண்மையான வேலை தெரிந்துவிடும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் நெளிகுழாயைச் செருகி வைக்கும் இடம் அது. சுவர் மெல்லிய தகடு. ஃப்ரேமோடு அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சில அங்குல வெல்டிங். இதில் எதையும் மாட்டாதீர்கள் என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு ஸ்பேர் டயரைத் தாங்குவதே அதற்குப் போதுமான வேலை.

அந்தக் குழாயில் சைக்கிள் ரேக்கை மாட்டிக்கொண்டு ஐ-75 நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்த டிரெய்லருக்குப் பின்னால் வரும் காரைத்தான் கவனிக்கிறேன். வெல்டிங் விட்டுப்போனால் ரேக், சைக்கிள், பம்பர் மூன்றும் ஒன்றாகச் சாலையில் விழும். இழுத்துக்கொண்டு போகிறவருக்கு முன்னால் இருந்து அது தெரியக்கூடத் தெரியாது. எங்கள் டிரெய்லருக்குச் சைக்கிள் ரேக் போடலாமா என்று பேச்செடுத்தபோது என் மனைவி முதலில் கேட்டதும் இதைத்தான். "ஏங்க, அது கழண்டு விழுந்தா பின்னாடி வர்றவங்க கதி என்ன?" இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். இந்த மாநிலத்தில் கேம்ப்பிங் போய்விட்டுச் சைக்கிள் இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு. ஐ-75-இல் வடக்கே போய், கிரேலிங்கில் எம்-72 சாலைக்குத் திரும்பி, மேற்கே கடைசிவரை போனால் எம்பயர் என்ற சிற்றூர், ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள், மிச்சிகன் ஏரி. அங்கே 22 மைல் நீளத்துக்கு ஹெரிடேஜ் டிரெயில் என்று ஒரு சைக்கிள் பாதை. காட்டுக்குள்ளும் மணல்மேட்டின் அடிவாரத்திலும் பழைய கிளென் ஹேவன் கிராமத்தின் வழியாகவும் போகிறது. டி. எச். டே கேம்ப்கிரவுண்டில் டிரெய்லரை நிறுத்தினால் அந்தப் பாதை கூப்பிடு தூரம். இன்னும் வடக்கே மாக்கினாக் தீவு. 1898-லிருந்து அங்கே மோட்டார் வண்டிகளுக்குத் தடை. தீவைச் சுற்றி 8.2 மைல் சாலை. அதில் நீங்களும் குதிரைவண்டிகளும் நடந்துபோகிறவர்களும் மற்ற சைக்கிள்காரர்களும் மட்டுமே. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல சாலை நான் பார்த்ததில்லை.

ஆனால் சைக்கிளை அங்கே எப்படிக் கொண்டுபோவது? எங்களுடையது எஸ்யூவி. அதன் பின்னால் ஃப்ரேமில் இருக்கும் சதுர வாய், ரிசீவர் என்பார்கள், டிரெய்லரை இழுப்பதற்கே போய்விடுகிறது. பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்குப் பின்தொட்டி இருக்கிறது, அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கவே வேண்டியதில்லை. காரின் கூரை மேல் ஏற்றலாம். சாதாரண சைக்கிள் என்றால் சரி. என் மனைவியுடையது மின்சார சைக்கிள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் 50 பவுண்டு. அதைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பது தினசரி நடக்கிற காரியமில்லை. டிரெய்லருக்குள்ளேயே வைத்தால் சேறும் சங்கிலி எண்ணெயும் மெத்தை மேல். முன்னால், கேஸ் சிலிண்டர்களுக்கு மேலே ஏ-ஃப்ரேமில் நிற்கும் ரேக்குகளும் கிடைக்கின்றன. எடை விஷயத்தில் அவைதான் சிறந்தவை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் எங்கள் வண்டியில் கூர்மையாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் எஸ்யூவியின் பின்கதவைத் தொட்டுவிடும் என்று அளந்து பார்த்ததில் தெரிந்தது. ஆகவே பின்பக்கம்தான். ஆகவே ரிசீவர்தான். பம்பரில் இல்லை, ஃப்ரேமில்.

அமெரிக்க டிராவல் டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில், மிச்சிகன் எல்லையை ஒட்டிய எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்படுகிறது. வீடு மாதிரி மேலே என்ன கட்டியிருந்தாலும் அடியில் இருப்பது இரண்டு நீள இரும்புத் தண்டவாளம், நடுவில் குறுக்குச் சட்டங்கள். பெரும்பாலும் ஐ-பீம். வெளியிலிருந்து பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் கட்டுமானத்துக்குப் பயன்படும் ஐ-பீமோடு இதை ஒப்பிடக் கூடாது. எடை குறைய வேண்டும் என்பதற்காக நடுத்தகட்டை மெலிதாகவே செய்கிறார்கள். சில மாடல்களில் பின்கோடிக்கு வரும்போது பீம் சரிந்து குறுகி, கடைசி ஓரிரு அடிக்கு இன்னும் சன்னமான துண்டு ஒன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கும். பம்பர் தொங்குவது அந்தத் துண்டில். அதனால் ரிசீவர் வாங்குவதற்கு முன்பே அடியில் படுத்து, டார்ச் அடித்து, பீம் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட வேண்டும். முழு உயர பீம் பின்பக்கம் வரை வரவில்லை என்றால் இந்த வேலையைக் கைவிடுவதுதான் நியாயம்.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு விஷயம். நாலு மூலையிலும் இருக்கும் ஸ்டெபிலைசர் ஜாக், டிரெய்லர் ஆடாமல் இருப்பதற்காக வைத்தது. தூக்கி நிறுத்துவதற்காக இல்லை. அதை நம்பி அடியில் போகாதீர்கள். டிரெய்லரை இழுவை வண்டியோடு கோர்த்தபடியே வைத்து, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஃப்ரேமுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு நிறுத்திய பிறகே நான் உள்ளே போனேன்.

வெல்டிங்கா, போல்ட்டா? இதற்காக எங்கள் ஊரில் ஒரு வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்தேன். பண்ணை வண்டிகளுக்கு ஆயுள் முழுக்க வெல்டிங் செய்தவர். அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னால் செய்ய முடியும், ஆனால் செய்யமாட்டேன் என்றார். நடுத்தகடு மெலிது, சூடு அதிகமானால் ஓட்டை விழும். அதற்கு ஒரு அடி மேலே மரப்பலகைத் தரை, நுரை, பிளாஸ்டிக் விரிப்பு. எல்லாமே தீப்பிடிக்கும் சாமான். கூடவே ஃப்ரேமை ஒட்டியே கேஸ் குழாயும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. போல்ட் போட்டு, தகட்டுக்குப் பின்னால் கால் அங்குல இரும்புப் பட்டை கொடுத்து இறுக்கு, அதுதான் நிற்கும் என்றார். தன் கைக்கு வரவேண்டிய வேலையை வேண்டாம் என்று சொன்ன அவரிடம் எனக்குப் பெரிய மரியாதை. தடித்த சட்டம் உள்ள வண்டிகளுக்கு வெல்டிங் நன்றாகவே பொருந்தும். அது பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

டிரெய்லர்களுக்கென்றே செய்யும் போல்ட் ரிசீவர்கள் கிடைக்கின்றன. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நீட்டிக் குறுக்கும் ஒரு குழாய், இரு முனையிலும் தகடுகள், நடுவில் 2 அங்குலச் சதுர வாய். வாங்கும்போது இரண்டு பீம்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை உள்ள தூரத்தை அளந்துகொண்டு போங்கள், நீட்டும் எல்லை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி. இந்த வகை ரிசீவர்கள் பலவற்றில் 3,500 பவுண்டு இழுவை, 350 பவுண்டு செங்குத்துச் சுமை என்று எழுதியிருக்கும். முதல் எண்ணை மறந்துவிடுங்கள். இரண்டாவது எண்ணும் ரிசீவருக்கான எண்தான், உங்கள் ஃப்ரேமுக்கான எண் இல்லை. டிரெய்லர் தயாரிப்பாளர் பின்பக்கச் சுமைக்கு ஒரு எல்லை சொல்லியிருந்தால் அதுவே இறுதி. சிலர் முழுக்கத் தடுக்கிறார்கள். மீறினால் ஃப்ரேமுக்கான வாரண்டி போய்விடும். ஆகவே ஒரு தொலைபேசி அழைப்பு இங்கே மிகவும் மலிவான வேலை.

துளை போடும் இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஐ-பீமின் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும்தான் வளைவைத் தாங்குகின்றன. அச்சுக்குப் பின்னால் தொங்கும் பகுதியில் மேல்பட்டை இழுபடும், கீழ்ப்பட்டை நசுங்கும். நட்ட நடுவில், தகட்டின் பாதி உயரத்தில், அந்த விசை ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆகவே துளை நடுத்தகட்டில்தான். கீழ்ப்பட்டையில் துளைபோட்டு மாட்டுவது எளிது, கைக்கு எட்டும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். அதைச் செய்யாதீர்கள். சுமை தாங்கும் இடத்திலேயே இரும்பைக் குறைக்கிற வேலை அது.

அடியில் மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பை ஒரு கதவு மாதிரி வெட்டித் திறந்து, பின்பக்கம் என்ன ஓடுகிறது என்று கையால் தடவிப் பார்த்தேன். கேஸ் குழாயும் பின்விளக்குக் கம்பிக் கற்றையும் எங்கே போகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுத்தான் டிரில்லைத் தொட்டேன். பேட்டரி இணைப்பு கழற்றியாயிற்று, சிலிண்டர் வால்வு மூடியாயிற்று. சென்டர் பஞ்சால் ஒரு குத்து, முதலில் சின்ன பிட், பிறகு நடுத்தர பிட், கடைசியில் முழு அளவு. வேகம் குறைவாக, எண்ணெய் விட்டுக்கொண்டே. ஒரு பக்கத்துக்கு ஒரு துளையிட்டு, ரிசீவரைத் தூக்கித் தொங்கவிட்டு, மட்டம் பார்த்து, பிறகு மற்றத் துளைகள். அப்போதுதான் எல்லாம் நேர்கோட்டில் வரும். துளையின் பச்சை இரும்பு விளிம்பில் துத்தநாகப் பெயிண்ட் அடித்தேன். மிச்சிகனில் குளிர்காலச் சாலை உப்பு இரும்பைத் தின்றுவிடும். இதைத் தவிர்த்தால் நாலு வருடத்தில் துளை பெரிதாகும். கடைசியில் டார்க் ரெஞ்ச்சால், ரிசீவர் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கம். முதல் ஐம்பது மைலுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை. போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவைத்தால் பிறகு பார்த்த மாத்திரத்திலேயே தெரியும், நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று.

வேலை இதோடு முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்தது. மீதிப் பாதி எடையில் இருக்கிறது. எனக்கு இதில்தான் அதிக அக்கறை.

டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு முன்பக்கம், இழுவை வண்டியின் ஹிட்ச் பந்தின் மேல் இறங்க வேண்டும். அதை டங் வெயிட் என்கிறார்கள். அது குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். பக்கத்தில் பெரிய லாரி ஒன்று கடந்து போகும் காற்றே போதும், ஆட்டம் தொடங்க. ஒரு கட்டத்துக்கு மேல் அது இழுவை வண்டியையும் சேர்த்துச் சாலையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும்.

டிரெய்லர் ஒரு சீசா பலகை, அச்சுதான் அதன் நடுக்கட்டை. பின்கோடியில் எதை ஏற்றினாலும் முன்கோடி மேலே எழும்பும். முன்பக்க ரேக் எடைக்குச் சிறந்தது என்று மேலே சொன்னதும் இதனால்தான். எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் அளவுகளைப் போட்டு நீங்களும் செய்யலாம். டிரெய்லர் பயணத்துக்குத் தயாரான எடை 5,000 பவுண்டு, டங் வெயிட் 600. அதாவது 12 சதவீதம், ஆரோக்கியமான எண். பந்திலிருந்து அச்சுக்கு 13 அடி. அச்சிலிருந்து சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு 11 அடி. ரேக்கும் மூன்று சைக்கிளும் சேர்த்து 160 பவுண்டு. 160-ஐ 11-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் 135. ஆக, பின்னால் 160 பவுண்டு ஏற்றியதும் முன்னால் 135 பவுண்டு காணாமல் போய்விடுகிறது. டங் வெயிட் 465. மொத்த எடையோ இப்போது 5,160. அது 9 சதவீதம்தான். எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டோம். காணாமல் போன 135 எங்கே போனது? அச்சின் மேல். 160-உம் அதோடு 135-உம் சேர்ந்து 295 பவுண்டு கூடுதல் சுமை டயர்களுக்கு. மூன்று சைக்கிள், அவ்வளவுதான். ரிசீவர் பாறை மாதிரி நிற்கும், ஒரு போல்ட்டும் நகராது, ஆனாலும் வண்டி ஆபத்தானதாக மாறியிருக்கும்.

இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. எங்கள் சமையலறை பின்பக்கம். அரிசி, பருப்பு, டப்பா உணவு, இரும்புச் சட்டி, தோசைக்கல், கேம்ப் நாற்காலி எல்லாம் அச்சுக்குப் பின்னால் எட்டு அடியில் இருந்தன. அவற்றில் 80 பவுண்டு சாமானை எடுத்து, முன்பக்கம் படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு மாற்றினோம். அது அச்சுக்கு முன்னால் ஒன்பது அடி. ஆக 80 பவுண்டு 17 அடி நகர்ந்திருக்கிறது. 80-ஐ 17-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்தால் சுமார் 105. டங் வெயிட் 570-க்கு ஏறியது, மறுபடி 11 சதவீதம். தோசைக்கல்லை எங்கே வைப்பது என்பது வண்டியின் பாதுகாப்புக் கணக்கில் வருகிறது என்று என் மனைவியிடம் விளக்கியபோது அவள் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். இப்போது சாமான் அடுக்குவது முழுக்க அவள் பொறுப்பு.

நன்னீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பத்து கேலன் தண்ணீர் 83 பவுண்டு. தொட்டி அச்சுக்கு முன்னால் என்றால் நிரப்பிக்கொண்டு போவது உதவும். பின்னால் என்றால் சைக்கிளோடு சேர்ந்து எதிரியாகிவிடும், போய்ச்சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காகிதக் கணக்கோடு நிறுத்தாமல் எடை போடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் மேடை இருக்கும். டிரெய்லரைக் கோர்த்தபடி ஒருமுறை, கழற்றி இழுவை வண்டியை மட்டும் ஒருமுறை. இழுவை வண்டியின் இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் டங் வெயிட். எடைப் பகிர்வு ஹிட்ச் இருந்தால் அதன் கம்பிகளைத் தளர்த்திவிட்டு எடை போட வேண்டும், இல்லையென்றால் எண் பொய் சொல்லும். கூடவே, டிரெய்லர் பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும் சுமை எல்லை ஸ்டிக்கரையும் இழுவை வண்டியின் கதவோர ஸ்டிக்கரையும் பார்த்துவிடுங்கள். ரேக்கும் சைக்கிளும் அந்தக் கணக்கில் அடங்க வேண்டியவையே.

இன்னொன்றும் உண்டு. இரு கோடியிலும் எடை கூடிய வண்டி, சதவீதம் சரியாக இருந்தாலும், ஒருமுறை ஆட ஆரம்பித்தால் அடங்க அதிக நேரம் எடுக்கும். அதனால் ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்போடு வரும் ஹிட்ச்தான் போட்டிருக்கிறோம். சைக்கிள் ஏற்றிய நாட்களில் மணிக்கு 60 மைலைத் தாண்டுவதில்லை. பின்னால் யார் ஒட்டிக்கொண்டு வந்தாலும் சரி.

ரேக் வாங்கும்போது கடையில் எனக்குக் காட்டிய அழகான ரேக்குகளில் பெரும்பாலானவை டிரெய்லருக்கு ஆகாதவை. காரில் ரிசீவர் பின்சக்கரத்திலிருந்து மூன்று நாலு அடியில் இருக்கிறது. எங்கள் டிரெய்லரில் அந்தத் தூரம் பத்து அடிக்குமேல். சாலையில் ஒரு மேடு வந்தால் அச்சு எழும்பி இறங்கும். பின்கோடி அதைப் பல மடங்காக்கிச் சாட்டை மாதிரி சுழற்றும். அதனால்தான் பல ரேக் நிறுவனங்கள் டிரெய்லரில் மாட்டக் கூடாது, மாட்டினால் வாரண்டி இல்லை என்று தெளிவாகவே எழுதுகின்றன. ஹாலிவுட் ரேக்ஸ், ஸ்வாக்மேன் போன்றவை டிரெய்லருக்கென்றே சோதித்த மாடல்களை விற்கின்றன. சைக்கிள் சக்கரத்தில் நிற்கிற வகையாக, சட்டத்தை மேலிருந்து பிடிக்கிற வகையாக எடுத்தோம். தொங்கவிடும் வகையைத் தொடவில்லை. ரிசீவர் வாய்க்கும் ரேக் தண்டுக்கும் இடையே உள்ள சின்ன இடைவெளியே போதும், ஒரு நாள் பயணத்தில் ஆயிரக்கணக்கான தடவை இடித்து இரும்பைத் தேய்க்க. இறுக்கிப் பிடிக்கும் யு-போல்ட் ஒன்றும் மரையுள்ள பின்னும் அந்த இடைவெளியை மூடுகின்றன.

பிறகு ஸ்ட்ராப். சைக்கிள்களை ரேக்கோடு கட்டுவது ஒன்று. ரேக்கையே டிரெய்லர் ஃப்ரேமோடு கட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. என் மனைவியின் கேள்விக்கு நேரடிப் பதில் அதுதான். அந்த மரையுள்ள பின் உடைந்தாலும் ரேக் சாலையில் விழாமல் ஃப்ரேமிலேயே தொங்கும். முன்சக்கரம் சுழலாமல் கட்டுங்கள். மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள், எடை குறையும், மழைநீரும் முனைகளில் படாது. முழுச் சைக்கிளையும் மூடும் உறை வேண்டாம், அது காற்றைப் பிடிக்கும்.

முதல் பயணத்தில் பின்பக்கக் கேமராவை ரேக்கின் பக்கம் திருப்பி வைத்தேன். சாகினாவுக்குப் பக்கத்தில் ஜில்வாக்கி பாலத்தில் ஏறி இறங்கியபோது சைக்கிள்கள் குதித்ததைத் திரையில் பார்த்த என் மகள் பின்னிருக்கையிலிருந்து, "அப்பா, மெதுவா போங்கப்பா" என்றாள். பாலம் கடந்ததும் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி எல்லா ஸ்ட்ராப்பையும் தொட்டுப் பார்த்தோம். அதில் ஒன்று தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து டீசல், கழிவறை, காபி எதற்காக நிறுத்தினாலும் யாராவது ஒருவர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பது வழக்கம்.

பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைகிறதா என்று இரவில் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். எங்களுக்கு பிளேட் மறைந்தது. அதையும் ஒரு சின்ன விளக்கையும் ரேக்குக்கு மாற்றினோம். பெட்ரோல் பங்க் வாசல் சரிவில் ரேக்கின் அடி தரையைத் தட்டும், மெல்ல இறங்குங்கள். ரிசீவர் இருக்கிறதே என்று அதில் படகு, சின்ன டிரெய்லர் எதையும் கோர்க்காதீர்கள்.

சைக்கிள் கொண்டுபோகாத பயணங்களுக்கு ரேக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறோம். வெறும் ரேக்கே 55 பவுண்டு, அதுவும் அச்சுக்குப் பின்னால் பதினோரு அடியில். பனி உருகி ஏப்ரலில் டிரெய்லரை வெளியே எடுக்கும்போது போல்ட்டுகளின் மேல் போட்ட வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகப் பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டால் அந்த வருடத்துக்கு ரிசீவர் தயார்.